பகான் நகரின் மேல் ஒரு வைகறைப் பயணம்

நுழையும் முன்

உயரத்திலிருந்து பார்த்தால் ஒரு நகரத்தின் பரப்புத் தெரியும். அருகில் சென்று படித்தால்தான் அந்நகரில் வாழ்ந்தோரின் பெயர் தெரியும். மியான்மர் நாட்டிலுள்ள பகான் என்னும் பழைய நகரை இவ்விரு வகையிலும் காண்பதற்கு இப்பாடம் வழி செய்கிறது. முதலில் வெப்பக்காற்றுப் பலூனில் ஏறி வைகறையில் அந்நகரின் மேல் மிதப்போம். பின்னர்க் கீழிறங்கி அங்குள்ள இரண்டு கல்வெட்டுகளை அறிந்துகொள்வோம். அவற்றுள் ஒன்று தமிழில் எழுதப்பட்டது.

பகான் எங்கே உள்ளது?

நம் நாட்டின் அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் ஆகிய மாநிலங்களின் எல்லையை ஒட்டி அமைந்த அண்டை நாடு மியான்மர். 1989ஆம் ஆண்டு வரை அதன் பெயர் பர்மா. உங்கள் வீட்டு மூத்தோர் இன்றும் அப்பெயராலேயே அதனைக் குறிப்பிடக்கூடும். வணிகத்திற்காகவும் வேலைக்காகவும் கடல் கடந்து அங்குச் சென்று வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல.

அந்நாட்டின் நடுப்பகுதியில், ஐராவதி ஆற்றின் கிழக்குக் கரையில் பகான் அமைந்துள்ளது. 1044ஆம் ஆண்டு அனோரதா என்பவர் அங்கு அரசரானார். அவர் காலம் முதல் 13ஆம் நூற்றாண்டின் இறுதி வரை அந்நகர் ஒரு பேரரசின் தலைநகராகச் சிறந்து விளங்கியது. அரசரும் அமைச்சரும் செல்வரும் போட்டியிட்டுக்கொண்டு செங்கல்லால் பௌத்தக் கோயில்களை எழுப்பினர். இன்று அங்கே 3,500க்கும் மேற்பட்ட நினைவுச்சின்னங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. 2019ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் பகானை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

காற்று தூக்கும் கணக்கு

மனிதர் முதன்முதலில் வானில் தடையின்றி மிதந்தது இறக்கையால் அன்று, சூடான காற்றால்தான். பிரான்சு நாட்டைச் சேர்ந்த மோன்கோல்பியே உடன்பிறப்பினர் துணியாலும் தாளாலும் பெரிய பலூனைச் செய்து, அதனுள் சூடான காற்றை நிரப்பினர். 1783ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அவர்களுடைய பலூனில் ஓர் ஆடும் ஒரு வாத்தும் ஒரு சேவலும் பறந்தன. அவை உயிருடன் இறங்கியதைக் கண்ட பின்னரே, அதே ஆண்டு நவம்பர் 21 அன்று பாரிசு நகரில் இரண்டு மனிதர்கள் பலூனில் ஏறிப் பறந்தனர்.

பலூன் எவ்வாறு மேலெழுகிறது? ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். அதே அளவு காற்றை 100 பாகைக்குச் சூடாக்கினால் அது விரிவடைந்து, ஒரு கன மீட்டரின் எடை ஏறத்தாழ 0.95 கிலோகிராமாகக் குறைகிறது. ஆகவே, ஒவ்வொரு கன மீட்டர் சூடான காற்றும் கால் கிலோகிராம் எடையைத் தூக்க வல்லது. கால் கிலோ என்பது சிறிதுதான். ஆனால் 3,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள பலூன் 750 கிலோகிராம் எடையைத் தூக்கிவிடும். துணி, கூடை, எரிவாயு உருளை, ஓட்டுநர், பயணிகள் ஆகிய அனைத்தும் அந்த எடைக்குள் அடங்க வேண்டும்.

இந்தியர் ஒருவரும் இக்கலையில் பெயர் பெற்றுள்ளார். 2005ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று விஜய்பத் சிங்கானியா மும்பையிலிருந்து வெப்பக்காற்றுப் பலூனில் புறப்பட்டு, 21,000 மீட்டருக்கும் மேலான உயரத்தை எட்டி உலகச் சாதனை படைத்தார். அப்போது அவருக்கு வயது 67.

ஏன் வைகறை?

பலூன் பயணங்கள் பெரும்பாலும் கதிரவன் தோன்றும் வேளையில் நிகழ்கின்றன. அழகு மட்டும் அதற்குக் காரணம் அன்று. இரவு முழுவதும் குளிர்ந்த நிலத்தின் மேல் காற்று அமைதியாக இருக்கும். வெயில் ஏறிய பின்னர் நிலம் ஆங்காங்கே வெவ்வேறு அளவில் சூடாகும். சூடான இடங்களிலிருந்து காற்று மேலெழுந்து அலைக்கழிக்கும். பலூனுக்கு அது பகை. மேலும், வெளிக்காற்று குளிர்ந்திருக்கும்போது உள்காற்றுக்கும் அதற்கும் உள்ள எடை வேறுபாடு மிகுதியாகும். எனவே, பலூன் எளிதில் எழும்பும்.

பகானில் அக்டோபர் முதல் மார்ச் வரை மழை குறைந்த பருவம். நாட்டில் அமைதி நிலவும் ஆண்டுகளில் அப்பருவமே அங்குப் பலூன் பறக்கும் பருவமாகும்.

கூடையில் ஏறுவோம்

இன்னும் இருள் விலகவில்லை. திறந்த வெளியில் பலூனின் துணி நீளமாக விரிக்கப்பட்டுள்ளது. கூடை பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. பெரிய மின்விசிறி ஒன்று குளிர்ந்த காற்றைத் துணிக்குள் செலுத்துகிறது. துணி மெல்லப் புடைத்துக் குன்றுபோல் பெருக்கிறது. பின்னர் எரிவாயு அடுப்பின் தீநாக்கு உள்ளே பாய்கிறது. படுத்திருந்த பலூன் எழுந்து நிற்கிறது.

பயணிகளுக்கு முதலில் கற்றுத் தரப்படுவது ஏறுவதைப் பற்றியன்று, இறங்குவதைப் பற்றியே. தரை நெருங்கும்போது முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். கூடைக்குள் உள்ள பிடியை இறுகப் பற்ற வேண்டும். ஓட்டுநர் சொல்லும் வரை எவரும் வெளியேறக்கூடாது. ஒருவர் மட்டும் முன்னதாகக் குதித்துவிட்டால் எடை குறைந்து பலூன் மற்றவர்களுடன் மீண்டும் மேலெழுந்துவிடும்.

கயிறு அவிழ்கிறது. நாம் எழும்புகிறோம் என்று தோன்றவில்லை. நிலம் நம்மைவிட்டு இறங்கிச் செல்வது போல் தோன்றுகிறது. அடுப்பு முழங்கும் நேரம் தவிர எங்கும் அமைதி. காற்றோடு காற்றாகச் செல்வதால் முகத்தில் காற்று வீசுவதும் இல்லை.

பலூனுக்குச் சுக்கான் கிடையாது. வெவ்வேறு உயரத்தில் காற்று வெவ்வேறு திசையில் வீசும். வேண்டிய திசையில் வீசும் காற்றைத் தேடி உயர்வதும் தாழ்வதுமே ஓட்டுநர் செய்யக் கூடியது. உயர்வதற்கு அடுப்பை எரிப்பார். தாழ்வதற்குப் பலூனின் உச்சியில் உள்ள திறப்பைக் கயிற்றால் இழுத்துச் சூடான காற்றைச் சிறிது வெளியேற்றுவார்.

கீழே விரியும் நகரம்

கிழக்கு வெளுக்கிறது. வயல்களின் மேல் பனிமூட்டம் பால்போல் படர்ந்துள்ளது. அதனுள்ளிருந்து ஒன்று, பத்து, நூறு எனக் கோபுர உச்சிகள் தலைகாட்டுகின்றன. கதிரவனின் முதல் ஒளி பட்டவுடன் செங்கல் சுவர்கள் செம்பொன்னாக மாறுகின்றன. மேற்கே ஐராவதி ஆறு வெள்ளி நாடாவாக வளைந்து கிடக்கிறது.

அதோ, உயர்ந்து நிற்பது தப்பின்யு கோயில். 12ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அதன் உயரம் ஏறத்தாழ 61 மீட்டர். வெண்சுவரும் பொன் பூசிய உச்சியும் உடையது ஆனந்தா கோயில். அதனுள்ளே நான்கு திசைகளையும் நோக்கி நான்கு புத்தர் சிலைகள் நின்ற கோலத்தில் உள்ளன. மலைபோல் அகன்று பரந்திருப்பது தம்மயாங்கி. அதன் செங்கற்களுக்கு இடையே ஊசி நுழைந்தாலும் கட்டியவருக்குத் தண்டனை என்று அரசர் ஆணையிட்டதாக ஒரு கதை வழங்குகிறது.

கோயில்களுக்கு இடையே வேர்க்கடலை, எள் விளையும் வயல்கள் காணப்படுகின்றன. வரப்புகளில் நிற்கும் மரங்களை உற்றுப் பாருங்கள். அவை பனைமரங்கள்! அவ்வூர் மக்களும் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுகின்றனர். தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களைக் கண்டவர்க்கு இக்காட்சி அயலாகத் தோன்றாது.

சில கோயில்களைச் சுற்றிச் சாரம் கட்டப்பட்டிருக்கும். 1975ஆம் ஆண்டு ஜூலையிலும் 2016ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் நேர்ந்த நிலநடுக்கங்களால் பல கோபுரங்கள் சிதைந்தன. முன்பு கதிரவன் தோன்றுவதைக் காணக் கோயில்களின் மேல் ஏறி நிற்பது வழக்கமாக இருந்தது. பழைய செங்கற்கள் தேய்ந்து உதிர்வதைத் தடுக்க அவ்வாறு ஏறுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. பார்வையாளருக்கெனத் தனியே மண்மேடுகள் அமைக்கப்பட்டன.

கீழிறங்கிப் படிப்போம்

பலூன் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தரை இறங்கிவிடும். மேலிருந்து நாம் ஆயிரக்கணக்கான கோயில்களைக் கண்டோம். ஆனால், அவற்றைக் கட்டியவர் எம்மொழி பேசினார், எதற்காகக் கட்டினார் என்பதை அவ்வுயரத்திலிருந்து அறிய இயலாது. அதற்குக் கல்லின் அருகே செல்ல வேண்டும்.

முதற்கல், மியாசேடி கல்வெட்டு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இக்கல் நான்கு முகங்கள் உடையது. கியான்சித்தா என்னும் அரசர் நோயுற்றுக் கிடந்தபோது, அவர் மகன் இராசகுமாரன் தந்தையின் நன்றியை நினைந்து பொன்னால் புத்தர் சிலை செய்து வைத்தான். இச்செய்தி பாலி, மோன், பர்மியம், பியூ ஆகிய நான்கு மொழிகளில், முகத்திற்கு ஒன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளது.

இந்நான்கனுள் பியூ மொழியைப் பேசுவோர் இன்று ஒருவரும் இல்லை. நகரங்களைக் கட்டி ஆண்ட மக்களின் மொழி அது. பேசுவோரும் படிப்போரும் இல்லாமற்போனதால் அதன் எழுத்துகள் பல நூற்றாண்டுகள் ஊமையாகக் கிடந்தன. மற்ற மூன்று முகங்களிலும் அதே செய்தி இருந்ததால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாக்டன் என்னும் அறிஞர் ஒப்பிட்டுப் பார்த்து அதன் சொற்களை அறிந்தார். 2015ஆம் ஆண்டு இக்கல்வெட்டு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

இரண்டாம் கல், நம் மொழியில் உள்ளது. பகானில் கிடைத்த இக்கல்வெட்டு, எழுத்தமைதியால் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கருதப்படுகிறது. தொடக்கத்தில் ஒரு வடமொழிச் செய்யுள் கிரந்த எழுத்தில் உள்ளது. அதன்பின் செய்தி தமிழில் தொடர்கிறது. மலைமண்டலத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், அங்கிருந்த நானாதேசி விண்ணகர் என்னும் திருமால் கோயிலுக்கு ஒரு மண்டபமும் கதவும் அமைத்து, எப்போதும் எரிவதற்கு ஒரு நிலைவிளக்கும் அளித்தார் என்பதே அச்செய்தி. மலைமண்டலம் என்பது இன்றைய கேரளப் பகுதி. நானாதேசி என்பது பல நாடுகளுக்கும் சென்று வணிகம் செய்தோரின் குழுவைக் குறிக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படித்துப் பதிப்பித்த ஹூல்ஷ் என்னும் அறிஞரே இதனையும் படித்து வெளியிட்டார்.

பர்மிய மொழி வழங்கிய நாட்டில், பௌத்தக் கோயில்களுக்கு நடுவே, பிழைப்பிற்காகச் சென்ற வணிகர் தமக்கென ஒரு கோயிலை வைத்திருந்தனர். கொடை அளித்தவர் அதனைத் தமிழில் எழுதி வைத்தார். அருகில் வாழ்ந்த பெரும்பாலோருக்கு அவ்வெழுத்துத் தெரிந்திராது. எனினும், தம்மவர் எவரேனும் வருவர், படிப்பர் என்னும் நம்பிக்கையுடன் அதைப் பொறித்தார்.

இரண்டு கற்கள் கூறும் பாடம்

மாணவர்களே, இரண்டு கற்களும் ஒரே ஊரில் கிடைத்தவை. இரண்டும் பல நூறு ஆண்டுகள் வெயிலையும் மழையையும் தாங்கியவை. ஆயினும், பியூ எழுத்தைப் படிக்க வேறு மூன்று மொழிகளின் துணை தேவைப்பட்டது. தமிழ்க் கல்வெட்டிற்கு அத்துணை தேவைப்படவில்லை. மண்டபம், கதவு, விளக்கு ஆகிய சொற்களை நீங்கள் ஒவ்வொருவரும் அறிவீர்கள். பழைய எழுத்து வடிவங்களைச் சில மாதங்கள் முயன்று கற்றால், குலசேகர நம்பி எழுதியதை நீங்களே படித்துவிடலாம்.

கல் எழுத்தைக் காக்கும். மொழியைக் காப்பவர் அதைப் படிப்போரே. வீட்டில் தமிழும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் தெருவில் அவ்வூர் மொழியும் வழங்கும் சூழலில் நீங்கள் வளர்கிறீர்கள். பகானில் வாழ்ந்த அந்த வணிகரின் சூழலும் இத்தகையதே. அவர் ஏற்றிய விளக்கு என்றோ அணைந்திருக்கும். அவர் எழுதிய வரிகள் அணையவில்லை.

அருஞ்சொற்பொருள்

வைகறை – விடியற்காலம்
கொள்ளளவு – ஒன்றினுள் அடங்கும் அளவு
சுக்கான் – கலத்தைத் திருப்பும் கருவி
சாரம் – கட்டட வேலைக்குக் கட்டும் மரச்சட்டம்
எழுத்தமைதி – எழுத்து வடிவின் இயல்பு
விண்ணகர் – திருமால் கோயில்
நிலைவிளக்கு – நிறுத்தி வைக்கும் விளக்கு

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. 1783ஆம் ஆண்டு செப்டம்பரில் பலூனில் பறந்த உயிரினங்கள் யாவை?
2. பகானில் கோயில்களின் மேல் ஏறத் தடை விதிக்கப்பட்டது ஏன்?
3. குலசேகர நம்பி கோயிலுக்கு அளித்தவை யாவை?

ஆ. சுருக்கமாக விடை தருக.
1. பலூன் பயணத்திற்கு வைகறை ஏற்ற வேளை என்பதை விளக்குக.
2. பியூ மொழியின் எழுத்துகள் எவ்வாறு படித்தறியப்பட்டன?

இ. கணக்கிடுக.
ஒரு பலூனின் கொள்ளளவு 2,400 கன மீட்டர். பாடத்தில் உள்ள கணக்கின்படி அது எவ்வளவு எடையைத் தூக்கும்? துணி, கூடை, எரிவாயு ஆகியவற்றின் எடை 300 கிலோகிராம் எனில், தலா 60 கிலோகிராம் எடையுள்ள எத்தனை பேர் ஏறலாம்?

ஈ. பிரித்து எழுதுக.
வெண்சுவர், விண்ணகர், செம்பொன், முதற்கல்

உ. சிந்தித்து எழுதுக.
1. மேலிருந்து பார்ப்பதால் அறியக்கூடியவை, அருகிலிருந்து படிப்பதால் அறியக்கூடியவை என இரண்டு பட்டியல்கள் எழுதுக.
2. நீங்கள் இப்போது வாழும் ஊரில் எட்டு நூறு ஆண்டுகள் நிலைக்குமாறு ஒரு கல்வெட்டுப் பொறிக்க உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தால், தமிழில் எதனை எழுதுவீர்கள்? ஐந்து வரிகளில் எழுதி, வீட்டில் உள்ளோருக்குப் படித்துக் காட்டுக.