கோடையில் மலரும் கிழங்குச் செடிகளும் அவற்றை நடுதற்குரிய காலமும்

சிறிய வீட்டுத்தோட்டத்திலும் பள்ளித் தோட்டத்திலும் அதிகச் செலவின்றிப் பூக்களைப் பெறுவதற்குக் கிழங்குகளையும் குமிழங்களையும் நடுவது எளிய வழியாகும். ஒருமுறை வாங்கிய குமிழங்கள் தாமே பல்கிப் பெருகுவதால், இரண்டு மூன்று ஆண்டுகளில் அண்டை வீட்டாருக்கும் பகிர்ந்தளிக்கும் அளவுக்கு அவை கிடைக்கும். ஆயினும், தவறான காலத்தில் நட்டால் அவ்வாண்டின் பூக்கள் மட்டுமன்றிக் குமிழமும் அழிந்துபோக நேரிடும். ஆகையால் எதனை நடுவது என்பதைப் போலவே, எப்பொழுது நடுவது என்பதும் முக்கியமானது.

காலம் ஏன் முக்கியம்?

வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் ஒன்றையொன்று மூடிய தடித்த இலையடிகளைக் காணலாம். குமிழம் என்பது இதுவே. கிளாடியோலசின் கந்தம் கெட்டியான தண்டுப் பகுதியாகும். கல்வாழையின் கிழங்கோ நிலத்தினுள் கிடையாக வளரும் தண்டாகும். வடிவம் வேறுபடினும் இவை அனைத்தும் உணவுச் சேமிப்பு அறைகளே. உறக்க நிலையிலுள்ள கிழங்கு, வெப்பமும் ஈரமும் உரிய அளவில் கிடைத்ததும் இவ்வுணவைக் கொண்டே முளைக்கிறது. பின்னர் இலைகள் கதிரவன் ஒளியில் உணவு தயாரித்து, அடுத்த ஆண்டுக்கான சேமிப்பை மீண்டும் நிரப்புகின்றன.

மண் குளிர்ந்தும் ஈரமாயும் இருக்கும்பொழுது நட்டால், முளைக்க இயலாத கிழங்கைப் பூசணம் தாக்கி அழுகச் செய்யும். மிகவும் தாமதித்து, வட இந்தியச் சமவெளியில் அனல்காற்று வீசும் மே மாதத்தில் நட்டால், இளந்தளிர் வாடுவதோடு இலைகள் உணவு சேர்ப்பதற்குரிய காலமும் குறைகிறது. அதனால் அடுத்த ஆண்டு கிழங்கு சிறுத்துப் பூக்கும் வலிமையை இழக்கிறது.

இடத்திற்கேற்ற பருவம்

வட இந்தியச் சமவெளியில் பனிக்காலம் நீங்கியபின், பிப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச் இறுதி வரை கோடைக் கிழங்குகளை நடலாம். மலைப்பகுதிகளில் உறைபனி அச்சம் முற்றிலும் நீங்கிய பின்னரே, அதாவது ஏப்ரல், மே மாதங்களில் நடவேண்டும். தென்னிந்தியச் சமவெளியில் உறைபனி இல்லை. அங்கே பாசன வசதியும் மழையுமே நடவுக் காலத்தை நிர்ணயிக்கின்றன. தமிழ்நாட்டில் நிலச்சம்பங்கியைப் பொதுவாக ஜூன், ஜூலை மாதங்களில் நடுகின்றனர்.

சில எளிய செடிகள்

நிலச்சம்பங்கி: மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, இரவில் மணம் மிகுவதால் வடநாட்டில் ‘ரஜனிகந்தா’ எனப்படுகிறது. ஏறத்தாழ 2 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட குறுக்களவுள்ள குமிழங்களையே தேர்ந்தெடுக்கவேண்டும். மிகச் சிறியவை முதலாண்டில் பூப்பதில்லை. அவற்றை 5 செ.மீ. ஆழத்தில், 20 முதல் 30 செ.மீ. இடைவெளியில் நடலாம். சுமார் மூன்று மாதங்களில் பூக்கள் தோன்றும். ஒருமுறை பூத்த குமிழம் மறுமுறை பூப்பதில்லை. அதன் பக்கத்தில் தோன்றும் சேய்க்குமிழங்களே பின்னர்ப் பூக்கின்றன. ஒற்றையடுக்கு வகை மாலைக்கும் நறுமண எண்ணெய்க்கும், இரட்டையடுக்கு வகை பூச்சாடிக்கும் ஏற்றவை. பெங்களூருக்கு அருகில் ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சிருங்கார், பிரஜ்வல் முதலிய ஒற்றையடுக்கு வகைகளை உருவாக்கியுள்ளது.

கல்வாழை: அதிகக் கவனிப்பை வேண்டாத செடி. இரண்டு மூன்று முளைக்கண்கள் உள்ள கிழங்குத் துண்டுகளை 45 முதல் 60 செ.மீ. இடைவெளியில் நடவேண்டும். நல்ல வெயிலும் எருவும் இதற்குத் தேவை. பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டினால் புதிய தண்டுகள் கிளைக்கும்.

மழை அல்லி: வறட்சிக்குப்பின் பெய்யும் மழையில் திடீரெனப் பூக்கும் சிறுசெடி. கோடைமழைக்கு முன்னரே, குமிழங்களை 8 முதல் 10 செ.மீ. இடைவெளியில் பாத்தியோரங்களில் நட்டு வைக்கலாம்.

பந்து லில்லி: சிவந்த பந்தினைப் போன்ற பூங்கொத்தை ஏப்ரல், மே மாதங்களில் தரும். பூக்கும் காலத்திற்கு முன், பிப்ரவரியில் குமிழத்தின் கழுத்து மண்மட்டத்தில் இருக்குமாறு நடவேண்டும்.

கிளாடியோலசைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. மலைப்பகுதிகளில் இது மார்ச் முதல் நடப்பட்டுக் கோடையில் பூக்கிறது. வட இந்தியச் சமவெளியிலோ இதனைச் செப்டம்பர் முதல் நவம்பர் வரை நடுவதே முறை. விலை மலிவு என்று கருதி மார்ச்சில் வாங்கிச் சமவெளியில் நடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர்.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் கிழங்கினின்றே முளைக்கிறது. மழைக்காலத் தொடக்கத்தில் நடப்படும் இதன் கிழங்கு முனையிலுள்ள முளையை ஒடித்துவிட்டால் தளிர்ப்பதில்லை. இதிலுள்ள கொல்சிசின் என்னும் பொருள் கொடிய நஞ்சாகும். உண்ணும் கிழங்கென மயங்கி இதனைச் சமைத்தால் உயிருக்கே ஆபத்து நேரும். எனவே இதனைச் சமையலறையில் வைத்தலாகாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பெயரெழுதி வைக்கவேண்டும்.

நடவும் பராமரிப்பும்

வாங்கும்பொழுது கிழங்கை விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். கெட்டியாயும், அளவுக்கேற்ற எடையுடனும், பூசணமின்றியும் இருப்பதே நல்லது. நீர் தேங்காத இடத்தில், மண்ணை ஓரடி ஆழம் கொத்தி, நன்கு மக்கிய தொழுவுரம் கலந்து நடவேண்டும். தொட்டியாயின் தோட்டமண், மணல், மக்கிய எரு ஆகியவற்றைச் சமபாகமாகக் கலந்து, அடித்துளையின்மீது ஓட்டுச்சில்லுகளை இடவேண்டும். நட்டவுடன் ஒருமுறை நீர் பாய்ச்சி, தளிர் தோன்றும் வரை மண் மிதமான ஈரத்துடன் இருந்தால் போதும்.

பூக்கள் முடிந்ததும் பச்சை இலைகளை வெட்டி அகற்றுவது பலரிடமுள்ள பழக்கம். இது பெருந்தவறு, அவ்விலைகளே வரும் ஆண்டின் பூவுக்கு உணவு சேர்ப்பவை. அவை தாமே மஞ்சளாகும் வரை காத்திருந்து, பின் நீரைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். கிழங்குகளைத் தோண்டியெடுக்க நேர்ந்தால், நிழலில் உலர்த்தி, காற்றோட்டமுள்ள இடத்தில் உலர்ந்த மணலில் பரப்பி வைக்கலாம். அழுகியவற்றை அவ்வப்போது நீக்கிவிடவேண்டும். இவ்வாறு காத்துவந்தால், ஓராண்டில் செலவிட்ட சிறுதொகை பல ஆண்டுகள் பூக்களாகத் திரும்பக் கிடைக்கும்.