ஆந்தையின் சகாயம்

மந்திரவாதியாக வேஷங்கட்டிக்கொண்டு 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆட்டத்தில் உட்காருகிறவனுக்கு, எதிரியைச் சாய்க்கும் கடைசி அடி தன் கையாலேயே விழவேண்டும் என்ற ஆசை இருப்பது இயல்பே. எனக்கும் அந்த ஆசை ஏராளமாக இருந்தது. அதைத் தணித்து, மேஜையைச் சுற்றி அமர்ந்திருக்கும் நண்பர்களின் பகடைகளையும் என் பகடையாகவே பாவிக்கக் கற்றுக்கொடுத்த குரு ஓர் ஆந்தை; அதற்கு இருந்ததோ ஒரே ஓர் உயிர்ப்புள்ளி.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் தோற்றுவித்த இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வெளிவந்தது. நான் சொல்லும் விதிகளெல்லாம் அதைச் சேர்ந்தவை. பித்தளைக் கணப்புச் சட்டியில் பத்துப் பொற்காசு பெறுமான கரியும் சாம்பிராணியும் மூலிகையும் இட்டு, ஒரு மணி நேரம் மந்திரம் செபித்தால், ஆந்தை, பூனை, வௌவால், பாம்பு முதலிய உருவங்களில் நாம் விரும்பிய ஒன்றைத் தாங்கி 'ஃபமிலியர்' என்னும் ஆவி வந்து நிற்கும். ஏவிய வேலையைச் செய்து முடிக்கும் குட்டிச்சாத்தானின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கற்பனை புதிதன்று. ஆயினும் நம் குட்டிச்சாத்தானுக்கு இல்லாத நிபந்தனை ஒன்று இதற்கு உண்டு. இது யாரையும் தாக்கக் கூடாது.

தாக்காத பிராணியால் யுத்தத்தில் என்ன பிரயோஜனம் என்று நானும் முதலில் நினைத்தேன். தாக்குதலைத் தவிர மற்றக் காரியங்கள் யாவும் அதற்கு அநுமதிக்கப்பட்டவை என்பதையும், அவற்றுள் 'உதவி' என்பது ஒன்று என்பதையும் எங்கள் குழுவில் திருடன் வேஷம் பூண்டிருந்த மூத்த நண்பர்தாம் எனக்கு எடுத்துச் சொன்னார். எதிரிக்கு ஐந்தடிக்குள் ஆந்தை சென்று சிறகடித்து அவன் கவனத்தைக் கலைத்தால், நாம் குறிப்பிடும் தோழர் அவன்மேல் தொடுக்கும் முதல் தாக்குதலுக்கு இருபது முகப் பகடையை இருமுறை உருட்டி, அதிகமான எண்ணை எடுத்துக்கொள்ளலாம். குகையொன்றில் காப்ளின்களின் தலைவனாயிருந்த பக்பேர் என்னும் முரடனை நாங்கள் எதிர்த்தபோது, அவனுடைய காப்பு எண் 16. நண்பரின் தாக்குதலுக்குக் கூட்ட வேண்டியது 5. பகடையில் 11 விழுந்தாலன்றி அடி படாது. அதாவது நூற்றுக்கு ஐம்பது. ஆந்தை பறந்து சென்றதும் அதுவே நூற்றுக்கு எழுபத்தைந்தாயிற்று. அன்றியும், திருடனுக்கே உரிய பதுங்கித் தாக்கும் திறமை இத்தகைய அநுகூலம் கிடைத்த சமயத்தில் செல்லுபடியாகும் ஆதலால், ஒரே சிறகடிப்பில் குறியும் கூடிற்று, சேதமும் கூடிற்று. அன்று நான் எறிந்த நெருப்புக் கணை சுவரில் பட்டு அணைந்தது; ஆட்டத்தின் போக்கை மாற்றியது ஆந்தைதான்.

பல உருவங்களுள் ஆந்தையையே நான் நாடுவதற்குக் காரணம் அதன் பறந்து விலகும் சாமர்த்தியமாகும். மற்றப் பிராணிகள் எதிரியின் அருகிலிருந்து விலகும்போது முதுகில் ஓர் அடி வாங்கும் அபாயம் உண்டு. ஆந்தைக்கு அது இல்லை. ஒரு முறைக்கு அது அறுபதடி பறக்கும் ஆகையால், எதிரிக்கு முப்பதடிக்குள் அதை நிறுத்திவைத்தால், போய் உதவிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம். திரும்பும் இடம் ஒரு தூணின் பின்னாலோ பாறையின் பின்னாலோ இருக்கும்படி பார்த்துக்கொள்வது அவசியம். இல்லையேல் வாளுக்குத் தப்பிய பறவை வில்லுக்கு இரையாகும்.

தொட்டுப் பிரயோகிக்கும் மந்திரங்களை நூறடி தூரத்துக்குள் இருக்கும் ஆந்தையின் மூலமாகவே செலுத்தலாம் என்ற விதியைப் படித்தபோது எனக்கு உண்டான உற்சாகத்துக்கு அளவில்லை. இரும்புச் சங்கிலிக் கவசம் அணிந்த ஹாப்காப்ளின் ஒருவன்மேல் மின்னதிர்ச்சி மந்திரத்தை அவ்வாறு பிரயோகிக்க முனைந்தேன். உலோகக் கவசத்துக்கு அந்த மந்திரம் இருமுறை உருட்டும் சலுகை தருவதால் அது பலிக்கவும் செய்தது. ஆனால் ஆந்தைக்கு முறை தனி, எனக்கு முறை தனி. என் முறை வரும்வரை அது எதிரியின் பக்கத்திலேயே நிற்கவேண்டும், மந்திரம் முடிந்த பின்னரும் தன் முறை வந்தாலன்றி நகர இயலாது என்பதை நான் யோசிக்கவில்லை. "தம்பி, அது எங்கே நிற்கிறது, அடுத்த முறை யாருக்கு, பார்த்தாயா?" என்று நண்பர் கேட்டு முடிப்பதற்குள் ஹாப்காப்ளினின் வாள் விழுந்துவிட்டது. சில புள்ளிச் சேதத்துக்காக ஒரு மணி நேரத் தவத்தைத் தொலைத்தேன். அந்த மந்திரம் பட்டவன் தன் அடுத்த முறை வரையில் எதிர்வினை செய்ய முடியாது. ஆகவே காயம்பட்ட தோழர் ஒருவர் அடிபடாமல் பின்வாங்க வேண்டியிருக்கும்போது மட்டுமே இந்த விலையைக் கொடுப்பது என்று பிற்பாடு நிர்ணயம் செய்துகொண்டேன்.

ஆந்தையின் கண்களால் பார்க்கும் வித்தையும் இவ்வாறே இருபுறமும் கூருடையது. அதன் கண்ணும் செவியும் நமக்கு வாய்க்கும் பொழுதில் நம் சொந்தக் கண்ணும் செவியும் அடைபட்டுப் போகின்றன. கூடத்தின் மறுகோடியில் பதுங்கியிருந்த வில்லாளிகளை நான் அவ்விதம் வெகு துல்லியமாக எண்ணிக்கொண்டிருந்த சமயத்தில், என் முதுகுப் பக்கமாக வந்த காப்ளின் என்னை வெகு நிதானமாகக் குத்தினான். கதவைத் திறக்குமுன் பார்ப்பது விவேகம்; திறந்த பின் பார்ப்பது பேதைமை.

நெருப்புக் கோளம் முதலிய பரந்த சேதம் விளைக்கும் மந்திரங்கள் எதிரியிடம் உண்டென்று தெரிந்தால், ஆந்தையை அதன் மறைவுலகத்துக்கு அனுப்பிவிடும் வசதியும் இருக்கிறது. ஆனால் அதற்கு நம் முறையின் பிரதான காரியத்தையே செலவிட வேண்டுமாதலால், போருக்கு முன்பே அதைத் தீர்மானிப்பது நலம். பழைய பதிப்புகளில் இத்தகைய துணை மாண்டால் எஜமானனுக்கும் நஷ்டம் நேரும். 2000-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் அவன் ஈட்டிய அநுபவப் புள்ளிகளே குறைந்துபோகும். இப்போதோ நஷ்டம் பத்துப் பொற்காசும் ஒரு மணி நேரமுமே. அந்த அற்பத்தை எண்ணி அதைப் பேழையில் வைத்துப் பூட்டுகிறவனும், அற்பந்தானே என்று ஒவ்வொரு முறையும் வாள்முனையில் நிறுத்துகிறவனும் ஒரே தவற்றையே இரு வழியில் செய்கிறார்கள். இந்த அடியால் யாருக்கு நன்மை என்று கேட்டு, விடை கிடைத்தால் அனுப்புவதே முறை.

எங்கள் ஆட்டம் முடியும்போது யார் எத்தனை பேரை வீழ்த்தினார்கள் என்று கணக்குப் பார்க்கும் வழக்கம் உண்டு. அதில் திருடர் முதலாவதாக வருவார். என் பெயர் கடைசியில் இருக்கும். ஆந்தைக்கு வரியே கிடையாது. ஆனால் அண்மையில் ஒரு நாள் கொள்ளைப் பொருளைப் பங்கிட்டபோது, நண்பர் தம் பங்கிலிருந்து பத்துப் பொற்காசை என் பக்கம் ஒதுக்கி, "சாம்பிராணிக்கு" என்றார்.