செம்பிற் களிம்பும் பழங்காசும்

'செம்பிற் களிம்பு' என்னும் உவமை சைவ சித்தாந்தம் பயின்றோர் யாவரும் அறிந்ததொன்று. ஆன்மாவை அநாதியே பற்றிய ஆணவமலத்தை விளக்க வந்த அவ்வுவமையிற் களிம்பு நீக்கற்பாலதாகவே நிற்கின்றது. நம் வீட்டு அடுக்களையிலும் செப்புக் குடத்தைப் புளியிட்டு விளக்குதலே தொன்றுதொட்ட வழக்கம். ஆயின், பழங்காசு சேர்ப்போர் இவ்வழக்கைப் பின்பற்றிற் பெருந்தீங்கு விளையும். காசின்மேற் படிந்த நிறங்களுட் சில அதனைக் காப்பன. சில அதனை அரிப்பன. இவ்விரண்டையும் வேறு பிரித்தறியும் முறையை ஈண்டுக் கூறுவாம்.

புதிதாக அடிக்கப்பட்ட செப்புக்காசு செம்மஞ்சள் நிறத்துடன் ஒளிரும். காற்றிலுள்ள ஒட்சிசன் அதன்மேற் பட்டவுடன் குப்பிரசு ஒட்சைட்டு என்னும் மெல்லிய படை உண்டாகத் தொடங்குகின்றது. நாளடைவில் இப்படை தடித்துச் செம்மை குன்றிப் பழுப்பாகின்றது. காற்றிற் கலந்துள்ள கந்தகச் சேர்வைகள் கூடின் கருமையும் சேரும். இதனாலேயே காசு சேர்ப்போர், செப்புக்காசுகளைச் சிவப்பு, சிவப்புப் பழுப்பு, பழுப்பு என மூவகைப்படுத்துவர். 1870 ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்ற இலங்கை ஒரு சதக் காசு, இன்று பழுப்பு நிறமாய் இருப்பின் அது குற்றமன்று. ஆண்டுகள் பல கடந்தமைக்கு அதுவே சான்று. ஒரே சீராய்ப் படிந்த அப்பழுப்புப் படை, கீழுள்ள செம்பை மேலும் அரிக்கப்படாது தடுக்கும் போர்வையுமாகும்.

மண்ணுட் புதைந்து கிடந்த காசுகளின் நிலை வேறு. நீரும் காபனீரொட்சைட்டும் செம்பொடு கூடுதலால் மூலச் செப்புக் காபனேற்று என்னும் பச்சைப் படை உண்டாகின்றது. இது கடினமாயும் வழுவழுப்பாயும் காசோடு ஒட்டி நிற்குமாயின் அஞ்சவேண்டுவதில்லை. அஞ்சற்பாலது மற்றொரு பச்சை. உப்புச் செறிந்த மண்ணிற் கிடந்த காசினுட் செப்புக் குளோரைட்டு ஒளிந்திருக்கும். ஈரக்காற்றுப் பட்டவுடன் அது வெளிறிய பச்சைத் தூளாய்ப் பொங்கும். உடன் ஐதரோக்குளோரிக்கமிலமும் தோன்றிப் புதிய செம்பை அரிக்கும். அவ்வரிப்பு மீண்டுங் குளோரைட்டைத் தோற்றுவிக்க, ஈரமும் ஒட்சிசனும் உள்ளவரை நோய் வளர்ந்துகொண்டே செல்லும். இதனை 'வெண்கல நோய்' என்பர். பெயர் வெண்கலமாயினும் தனிச் செம்பையும் இது விடாது. கடற்காற்று வீசும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்நோய்பற்றிய அறிவு பெரிதும் வேண்டற்பாலது.

இவை இரண்டையும் அறியுமாறு யாது? தூரிகையால் மெல்லத் துடைத்தபின் காசை ஈரப்பதமுள்ள மூடிய கலத்தில் இரண்டொரு நாள் வைத்துப் பார்க்கலாம். புதிய பச்சைத்தூள் தோன்றின் நோய் உளது. தோன்றாவிடிற் பெரும்பாலும் அது நிலைபெற்ற படையே.

இனி, புளியிட்டுத் துலக்குதலால் வருங் கேட்டினைக் கூறுவாம். புளியிலுள்ள தாத்தாரிக்கமிலம் ஒட்சைட்டையும் காபனேற்றையும் கரைத்துவிடும். நெடுங்காலம் மண்ணிற் கிடந்த காசிலே பழைய எழுத்தும் உருவமும் பல இடங்களில் அப்படையிலேயே தங்கியிருக்கும். கீழுள்ள செம்பு முன்னரே அரிபட்டிருக்கும். ஆகவே படையைக் கரைப்பவர் எழுத்தையுங் கரைக்கின்றனர்.

இதனை நாம் நூலிற் கற்றதினும் பிழையிற் கற்றதே அதிகம். மாணவப் பருவத்தில், தோட்டத்திற் கண்டெடுத்த காசொன்று நம் கைக்கு எட்டியது. ஒரு புறம் நிற்கும் உருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி. அதன்கீழ்ச் 'சேது' என்னும் இரண்டு தமிழெழுத்துக்கள். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசு அதுவென ஆசிரியர் ஒருவர் கூறக் கேட்டு மகிழ்ந்தோம். மறுநாள் எல்லோர்க்குங் காட்டுதற்பொருட்டு, அன்றிரவே புளியுஞ் சாம்பலுமிட்டுத் தேய்த்தோம். விடியலிற் காசு பளபளத்தது, முதலெழுத்தைக் காணவில்லை. இரண்டாமெழுத்திலும் பாதியே எஞ்சிற்று. ஆசிரியர் நம்மைக் கடிந்திலர். காசை நெடுநேரம் நோக்கிவிட்டுத் திருப்பித் தந்தார். அதுவே தண்டனையாயிற்று.

விற்பனைக்கு வருங் காசுகளிலுஞ் சில துலக்கப்பட்டுப் பின்னர்க் கந்தகச் சேர்வையாலோ வெப்பத்தாலோ செயற்கை நிறம் ஊட்டப்பட்டவை. உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கின் இது பெரும்பாலும் புலப்படும். இயற்கை நிறம் தேய்ந்த மேடுகளிலும் தேயாத பள்ளங்களிலும் சிறிது வேறுபட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குப் படிப்படியாய்ச் செல்லும். செயற்கை நிறமோ மேடுபள்ளம் பாராது பூசியதுபோலக் கிடக்கும். அதன்கீழ்த் தேய்த்த கீறல்கள் ஒரே திசையில் ஓடும்.

காசைப் பேணுதற்குச் சில விதிகள் போதும். வியர்வையின் உப்பு அழியாத கறையை இடுமாதலாற் காசை விளிம்பிற் பற்றியே எடுத்தல் வேண்டும். பொலிவினைல் குளோரைட்டாலான பிளாத்திக்கு உறைகள் நாட்பட அமிலத்தை வெளியிட்டுப் பிசுபிசுத்த பச்சைக் கறையை உண்டாக்கும். இறப்பர் வளையங்களிற் கந்தகம் உண்டு. இவற்றை விலக்குக. பெட்டியினுட் சிலிக்கா செல் இட்டு, ஈரப்பதம் நூற்றுக்கு 40 பங்கின் மேற்படாது காக்க. நோயுற்ற காசை ஏனையவற்றினின்றும் பிரித்துக் காய்ச்சி வடித்த நீரிற் பலமுறை ஊறவைத்து நன்கு உலர்த்துக. அரிய காசாயின் தாமாக எதுவுஞ் செய்யாது, நூதனசாலையிற் பேணுதற்றொழில் அறிந்தாரிடங் காட்டுதலே நன்று.

நாம் தேய்த்த அக்காசு இன்றும் நம்மிடம் உளது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது மீண்டும் பழுப்பு நிறம் எய்திவிட்டது. மறைந்த எழுத்து மட்டும் மீளவில்லை. நிறத்தைக் காலம் திருப்பித் தரும், எழுத்தைத் தராது. நம் கல்லூரி இளைஞர் தம் வளவிலோ வயலிலோ பழங்காசொன்றைக் காணின், புளிப் பானையை நாடுமுன் இதனை நினைவு கூர்வாராக.