திருட்டு பிடிஎஃப்புக்குப் போகும் பணத்தை நிறுத்துவது எப்படி?

டெல்லி சாணக்யபுரி கௌடில்ய மார்க்கில், தமிழ்நாடு இல்லத்தை ஒட்டி ஒரு தமிழ் எழுத்தாளர் குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய புத்தகத்தை ஸ்கேன் செய்து யாரோ ஒரு தளத்தில் 99 ரூபாய்க்கு விற்கிறார்கள். தளத்தை முடக்கினால் வேறு பெயரில் முளைக்கும். பணம் வரும் வழியை அடைத்தால்தான் வலிக்கும்.

முதலில் ஆதாரம். பணம் கட்டும் பக்கம் வரை போங்கள், கட்ட வேண்டாம். யுபிஐ க்யூஆரை ஸ்கேன் செய்தால், பின் எண் கேட்கும் முன்பே பெறுபவரின் பெயர் திரையில் வந்துவிடும். வசூலித்துத் தரும் நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் பக்கத்தின் அடியில் இருக்கும். தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குக் கடிதம். ‘என் புத்தகங்களைத் திருடுகிறார்கள்’ என்று மொட்டையாக எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். இடைத்தரகரைப் பொறுப்பாக்க, எந்தப் படைப்பு எங்கே இருக்கிறது என்பது அவருக்குக் குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று மைஸ்பேஸ் வழக்கில் 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. எனவே ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்க முகவரி கொடுங்கள். பதிப்பக ஒப்பந்தத்தையும் இணையுங்கள். மிகைப்படுத்த வேண்டாம்: ஆதாரமில்லாத மிரட்டலுக்கு, பதிப்புரிமைச் சட்டத்தின் 60-வது பிரிவின்படி எதிராளியே உங்கள் மேல் வழக்குப் போடலாம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் இணையப் பணத் தளங்களையும் இடைத்தரகர் என்றே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதன் 79-வது பிரிவு நிபந்தனையோடு தரும் பொறுப்பு விலக்கு அவர்களுக்கும் உண்டு. அமெரிக்காவிலும் 2007-ல் பெர்ஃபெக்ட் 10 வழக்கில், பணம் வசூலித்துக் கொடுத்ததற்கான பொறுப்பிலிருந்து விசா தப்பித்தது. ஆகவே கடிதத்தின் கனத்தை ரிசர்வ் வங்கியின் மேல் வையுங்கள். வணிகரைச் சேர்க்கும் முன் அவர் பின்னணியையும், போலிச் சரக்கு விற்பவரா என்பதையும் பார்க்க வேண்டும் என்று அதன் 2020 மார்ச் வழிகாட்டுதல் சொன்னது. உரிமம் போய்விடுமோ என்று பயப்படுகிற அளவு இந்த நிறுவனங்கள் பதிப்புரிமைக்குப் பயப்படுவதில்லை என்பது என் கணிப்பு.

அசையவில்லையா? பதிப்புரிமைச் சட்டத்தின் 62-வது பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். சாணக்யபுரி எழுத்தாளருக்கு, வழக்கின் மதிப்பு 2 கோடி ரூபாய் வரை என்றால் பாட்டியாலா ஹவுஸ் வணிக நீதிமன்றம். அதற்கு மேல் டெல்லி உயர் நீதிமன்றம். திருடன் யாரென்று தெரியாவிட்டால் பிரதிவாதி பெயர் ‘அசோக் குமார்’; நம் நீதிமன்றங்களில் அடையாளம் தெரியாதவருக்கு வழக்கமாக வைக்கும் பெயர் அது. பணம் வசூலிக்கும் நிறுவனத்தையும் பிரதிவாதியாகச் சேருங்கள். வாடிக்கையாளர் கட்டிய தொகை உடனே திருடன் கைக்குப் போவதில்லை. செட்டில்மென்ட் வரை எஸ்க்ரோ கணக்கில் கிடக்கும். அதை நிறுத்தி வைக்கவும், கணக்கு வைத்திருப்பவரின் கேஒய்சி விவரத்தைத் தரவும் இடைக்கால மனுவிலேயே கேளுங்கள்.