திரையும் எழுத்தும்

ஓலையில் கீறியும் தாளில் அச்சிட்டும் படித்த நாம், இன்று உள்ளங்கையளவுத் திரையில் படிக்கிறோம். ஊடகம் எதுவாயினும் எழுத்து கண்ணுக்குப் புலப்பட வேண்டும். அதற்குத் திரையின் நுட்பம் மட்டும் போதுமா என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

'பல்' என்பதும் 'பல' என்பதும் ஒரு புள்ளியால் வேறுபடுகின்றன. ஓலையைத் துளைத்துவிடும் என்பதால் அப்புள்ளியை இடாது எழுதினர் நம் முன்னோர். படிப்பவர் இடம் நோக்கிப் பொருள் கொண்டனர். திரையிலும் அப்புள்ளி மங்கினால் பொருள் மயங்கும்.

படப்புள்ளிச் செறிவு

திரையில் தோன்றும் உருவங்கள் யாவும் பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளால் ஆனவை. ஓர் அங்குல நீளத்தில் அடங்கும் படப்புள்ளிகளின் எண்ணிக்கையே படப்புள்ளிச் செறிவு ஆகும். 2007இல் வெளிவந்த முதல் ஐபோனில் இச்செறிவு 163. 2010இல் வெளிவந்த ஐபோன் 4இல் 326. திரையின் அளவோ இரண்டிலும் 3.5 அங்குலமே.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. 20 படப்புள்ளி உயரமுள்ள எழுத்து, பழைய திரையில் ஏறத்தாழ 3 மி.மீ. உயரம் இருக்கும். அதே 20 படப்புள்ளிகளைக் கொண்டு புதிய திரையில் வரைந்தால், அது ஏறத்தாழ 1.5 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். செறிவு கூடக்கூட எழுத்து சிறுத்துப்போகும்.

தீர்வு

இதனைத் தவிர்க்க, எழுத்தின் அளவைப் படப்புள்ளியால் கணக்கிடாது தனி அலகால் கணக்கிட்டனர். ஐபோனில் அது பாயிண்ட் எனப்படும். பழைய திரையில் ஒரு பாயிண்ட் பரப்புக்கு ஒரு படப்புள்ளி. புதிய திரையிலோ இரண்டுக்கு இரண்டாக நான்கு. எனவே, எழுத்தின் அளவு மாறவில்லை. அதன் வளைவும் சுழியும் புள்ளியும் தெளிவுபெற்றன.

படிப்பவரின் கண்

எல்லார்க்கும் ஒரே அளவு பொருந்துவதில்லை. ஆதலால், திறன்பேசியின் அமைப்புகளில் எழுத்தளவைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி உள்ளது. எனினும், செயலியை வடிவமைப்போர் அதற்கேற்ப இடம் விடவில்லையெனில் சொற்கள் வெட்டுப்படும். மருந்தின் அளவையோ வங்கிச் செய்தியின் தொகையையோ படிக்கும் முதியவருக்கு அது பெருந்தீங்காக முடியலாம். எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கம் மறையலாகாது என உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல் நெறிமுறை வகுத்துள்ளது.

கூர்மையான திரையைத் தொழில்நுட்பம் தந்துவிட்டது. அதில் அனைவரும் படிக்கத்தக்க எழுத்தை அமைப்பது வடிவமைப்போரின் கடமை. நாளை அப்பணியில் ஈடுபடவிருக்கும் நீங்கள் இதனை மறவாதிருங்கள்.

கற்பவை கற்றபின்...

உங்கள் வீட்டு முதியவர் ஒருவரின் திறன்பேசியில் எழுத்தளவைப் பெரிதாக்கித் தருக. அவர் பயன்படுத்தும் செயலிகளில் சொற்கள் எங்கெங்கே வெட்டுப்படுகின்றன எனக் குறிப்பெடுத்து, வகுப்பறையில் கலந்துரையாடுக.