இரத்தமே சாயம்

நாம் ஒரு பொருளைப் பார்க்கும்போது மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது? மண்டை ஓட்டைத் திறக்காமல், ஊசி மூலம் சாயம் ஏதும் செலுத்தாமல் இதை அறிய முடியுமா? முடியும் என்பதற்கு வழி காட்டியவர் செய்ஜி ஒகாவா. 1934-இல் ஜப்பானில் பிறந்த இவர் முதலில் பயின்றது மருத்துவம் அன்று, இயற்பியல்! பின்னர் 1967-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றார். 1968 முதல் 2001 வரை பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார்.

இரத்தத்தின் செந்நிறத்திற்குக் காரணம் ஹீமோகுளோபின். அதில் இரும்பு உண்டு என்பது நீங்கள் அறிந்ததே. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் டயா காந்தப் பொருள்; ஆக்சிஜனை இழந்ததோ பாரா காந்தப் பொருள். 1936-இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் கண்டறிந்த உண்மை இது. அரை நூற்றாண்டுக்குப் பின் ஒகாவா இதைப் பயன்படுத்திக் கொண்டார்.

காந்த ஒத்ததிர்வுக் கருவியில், உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ரேடியோ அலைகளை வெளியிடுகின்றன. அவற்றைக் கொண்டே படம் உருவாகிறது. ஆக்சிஜன் இழந்த இரத்தம் அருகில் இருந்தால், அங்கே காந்தப்புலம் சீர்குலைகிறது. அலை விரைவில் மங்குகிறது. படத்தில் அவ்விடம் கறுக்கிறது. எலிகளின் மூளைப் படத்தில் ஒகாவா கண்ட கருங்கோடுகள் இரத்தக் குழாய்களே. எலிகளைத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்ததும் அக்கோடுகள் மறைந்தன! 1990-இல் இம்முடிவுகள் வெளியாயின.

மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் ஆக்சிஜன் செலவாகும். எனவே அது கறுக்க வேண்டும் அல்லவா? நடப்பதோ இதற்கு நேர்மாறு. பந்தியில் கேட்டதற்கு மேல் சோறு பரிமாறுவது போல, தேவைக்கு அதிகமான புது இரத்தம் அங்கே பாய்கிறது. ஆகவே அப்பகுதி சற்றே ஒளிர்கிறது. 1992-இல் ஒகாவா குழுவினரும் வேறு சில குழுவினரும் தனித்தனியே மனித மூளையில் இதைக் கண்டனர். இன்று மூளை அறுவைக்கு முன் பேச்சு, அசைவு ஆகியவற்றுக்குரிய பகுதிகளை அறியவும் இம்முறை உதவுகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நரம்புச் செல்லின் துடிப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடியில் முடிந்துவிடும். இரத்த ஓட்டத்தின் மாற்றம் உச்சமடையச் சுமார் 5 விநாடி ஆகும். மூச்சை அடக்கினால்கூடக் கார்பன் டை ஆக்சைடு மிகுந்து, இரத்தக் குழாய்கள் விரிந்து, படம் ஒளிரும். ஆகவே, பத்திரிகைகளில் வண்ணப் புள்ளிகளுடன் வரும் மூளைப் படத்தைக் கண்டதும், “இதோ எண்ணம்!” என்று முடிவு கட்டலாமா? அது காட்டுவது இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை மட்டுமே. அதிலிருந்து மூளையின் செயலை உய்த்துணர்வது ஆய்வாளரின் பொறுப்பு.