உப்பு மண்ணில் ஒரு பொதுத் தோட்டம்

ஐப்பசி மழை இறங்கியதும் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். தை பிறந்து, பாத்திகளை மிதித்துச் சீராக்கும்வரை கூலி கிடையாது. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக அரசு 5,000 ரூபாய் தருகிறது. ரேஷன் அரிசியும் இருக்கும். காய்கறி வாங்கத்தான் கையில் காசிருக்காது. அதற்காகவே தரிசாகக் கிடந்த 60 சென்ட்டில் நாங்கள் சிலர் சேர்ந்து தோட்டம் போட்டோம். விளைவது முழுதும் வேலையில்லாத வீடுகளுக்கு. இப்படித் தொடங்க நினைப்பவர்களுக்காக, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தண்ணீரை முதலில் பாருங்கள்

கடலோரத்தில் நல்ல தண்ணீர் மேலே அடுக்காக நிற்கும், அடியில் உப்புநீர். ஆழமாக போர் போட்டு மோட்டாரை விடாமல் ஓட்டினால் உப்பு மேலேறிவிடும். நாங்கள் ஆழமில்லாத கிணற்றில் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறைக்கிறோம். விதைக்கும் முன் மண்ணையும் நீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

பாரின் உச்சியில் நடாதீர்கள்

முதல் வருஷம் பார் பிடித்து உச்சியில் கத்தரி நாற்று நட்டோம். பத்து நாளில் இலையோரம் கருகியது. குனிந்து பார்த்தால், மாவு தூவியதுபோல உச்சியெங்கும் வெள்ளை பூத்திருந்தது. ஈரம் மேலேறிக் காயும்போது உப்பை அங்கே விட்டுவிடுகிறது. இப்போது பாரின் சரிவில் நட்டு, சவுக்குச் சருகால் மூடுகிறோம். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுகிறோம். பீட்ரூட், கொத்தவரை, பருப்புக்கீரை ஓரளவு உப்பைத் தாங்கும். வெங்காயமும் கேரட்டும் தாங்காது.

பசிக்கும் மாதத்தை வைத்து விதையுங்கள்

எங்களுக்குக் காய் குவிந்தது சித்திரையில். அப்போது எல்லா வீட்டிலும் கூலி இருந்தது. ஐப்பசியில் வேலை நின்றபோது, கீரையெல்லாம் மழையில் அழுகிக் கிடந்தது. அதிலிருந்து ஆனியில் பரங்கி விதைக்கிறோம். புரட்டாசியில் காம்போடு அறுத்து, காற்றாடும் இடத்தில் வைக்கோல் மேல் ஒன்றோடொன்று இடிக்காமல் வைக்கிறோம். அடிபடாத காய் மார்கழிவரை நிற்கிறது.

கொடுக்கும் விதத்தை யோசியுங்கள்

முதல் தடவை பெயரெழுதி, வரிசையில் நிறுத்தி, போட்டோ எடுத்துக் கொடுத்தோம். அடுத்த வாரம் பாதிப்பேர் வரவில்லை. களையெடுக்க வந்த அக்கா ஒருவர் சொன்னார்: “தம்பி, நாங்க வேல இல்லாம இருக்கறோம். கையேந்தி நிக்கல.”

அன்றிரவு எனக்குச் சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. அதில் வரும் எயிற்பட்டினம் நம் மரக்காணம் பக்கம்தான் என்பார்கள். அந்தப் பாட்டில் கிணைப்பறை கொட்டுபவன் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்க்க நாணி, வாசலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். எங்கள் ஊரில் அந்தக் கதவுகளை அடைக்க வைத்தது நாங்கள்தான் என்று புரிந்தது.

வடலூரில் 1867-ல் வள்ளலார் தருமசாலை தொடங்கியபோது நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரம் மக்கள். இன்றும் அங்கே பசித்து வருகிறவருக்கு இலை போடுகிறார்கள். அது போதும், பெயர்ப்பட்டியல் எதற்கு?

இப்போது விடிவதற்குள் கூடைகளைப் பொதுத் திண்ணையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவரும் எடுக்கலாம், வராதவரும் எடுக்கலாம். யாரும் கணக்கு வைப்பதில்லை. இரண்டு வாரத்தில் கூடைகள் காலியாகத் திரும்பத் தொடங்கின.

மாசியில் உப்பளம் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு நாள், ஒரு கூடையின் அடியில் துணியில் முடிந்த புது உப்பு இருந்தது. வைத்தது யார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அன்று தோட்டத்தில் ஆக்கிய கீரைக்கு அந்த உப்பைத்தான் போட்டோம்.